எஸ்.ஐ. வேலையில் இருந்துகொண்டே பிஎச்.டி. செய்யலாமா? பட்டாளத்தில் எப்படி, போலீஸில் எப்படி?

கடற்கரை_எஸ்ஐ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நம் குமரி மாவட்டத்தில் கடலோரக் காவல் நிலையம் ஒன்றில் உதவி ஆய்வாளராக இருக்கிறேன். எந்த நிலையம் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். எம்.ஏ. குற்றவியல் முடித்திருக்கிறேன், 55 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. பகுதி நேரமாக பிஎச்.டி. செய்ய ஆசை. "கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்கும் காவல்துறைக்கும் இடையிலான உறவு" என்று ஒரு தலைப்பும் யோசித்து வைத்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் சொன்னதும் ஒரே சிரிப்பு. "டாக்டர் ஆகி பாராவுக்கு ஊசி போடப் போறீங்களா சார்?" என்று ரைட்டர் கேட்டார். மேலே ஒரு அதிகாரி, "முதல்ல நிலுவையில இருக்கிற கேஸ் கட்டை முடிங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் என் நண்பனின் அண்ணன் பட்டாளத்தில் மேஜர். அவரைச் சம்பளத்தோடு வெலிங்டனுக்கு அனுப்பி, கிட்டத்தட்ட ஒரு வருடம் படிக்க வைத்து, கையில் எம்.எஸ்சி. பட்டமும் கொடுத்து அனுப்புகிறார்கள். காக்கிச் சட்டைக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு வழி இல்லை? இருந்தால் எங்கே இருக்கிறது? அனுமதி யாரிடம் வாங்குவது? இந்தத் தலைப்பு உருப்படுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலாங்கோட்டுக்_கர்னல் எழுதியது:

தம்பி, வெலிங்டனில் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கிற பாதுகாப்புப் படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி அது. 2021 டிசம்பரில் ஜெனரல் பிபின் ராவத் உரையாற்றப் போன வழியில் ஹெலிகாப்டர் விழுந்ததே, அவர் போய்க்கொண்டிருந்தது இந்தக் கல்லூரிக்குத்தான். 1905-ல் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் தொடங்கி, குவெட்டாவுக்குப் போய், பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தான் பக்கம் போனதும் நம் பங்குக்கு வெலிங்டனில் வேரூன்றியது. முப்படை மேஜர் நிலை அதிகாரிகள், நட்பு நாடுகளின் அதிகாரிகள், விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சில சிவில் அதிகாரிகள் எல்லாரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். சுமார் 45 வாரம். பட்டம் கொடுப்பது சென்னைப் பல்கலைக்கழகம்: பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகளில் எம்.எஸ்சி. அதற்கு ஆளுக்கு ஒரு ஆய்வேடு எழுதியாக வேண்டும்.

இன்னும் மேலே போனால் டெல்லியில் தேசியப் பாதுகாப்புக் கல்லூரி இருக்கிறது. 1960-ல் தொடங்கியது. பிரிகேடியர்களோடு ஐ.பி.எஸ்., ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் அங்கே உட்கார்ந்து படிப்பார்கள். செகந்திராபாத்தில் பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரிக்கு உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மேலாண்மை முதுநிலைப் பட்டம். பொறியாளர்களை ஐ.ஐ.டி.க்கு எம்.டெக். அனுப்புவது தனிக் கதை. ஆக, பட்டாளத்தில் படிப்பு என்பது பதவி உயர்வுப் பாதையிலேயே பதிந்து கிடக்கிறது. வெலிங்டன் போகாதவருக்கு மேலே போகும் வழி குறுகலாகிவிடும், அதனால் நுழைவுத் தேர்வுக்கு உயிரைக் கொடுத்துப் படிப்பார்கள்.

இப்போது மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைவதுதான் கஷ்டம். நுழைந்தவர் பட்டம் இல்லாமல் வெளியே வருவது அபூர்வம். அதனால் பலருடைய ஆய்வேடு, "எல்லையில் சவால்களும் தீர்வுகளும்" என்ற வகையில் செய்தித்தாள் கட்டுரைகளைச் சேர்த்துத் தைத்ததாக இருக்கும். நான் படித்தபோது என் வழிகாட்டி முதல் சந்திப்பிலேயே என் தலைப்பைக் கையில் எடுத்து, "இதற்கு என்ன விடை வரும் என்று உங்களுக்கு இப்போதே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்போது எதற்கு ஆராய்ச்சி?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 20 வருடம் கட்டளை போட்டும் கட்டளை வாங்கியும் பழகிய ஆளுக்கு அது பெரிய அடி. அந்தக் கேள்விக்காகவே அந்த வருடம் வீணாகவில்லை.

உங்கள் தலைப்பையும் அதே கேள்வியில் வைத்துப் பாருங்கள்.

பார்வதிபுரம்_வாத்தியார் எழுதியது:

கர்னல் சார் சொன்னதை வழிமொழிகிறேன். "இடையிலான உறவு" என்று முடிகிற தலைப்பு என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கிறது. கடைசியில் 300 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, "62 பேர் ஓரளவு திருப்தி" என்று அட்டவணை போட்டு முடியும். அதைப் படிக்கிற எஸ்.பி.க்கும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, மீனவருக்கும் ஆகப்போவதில்லை.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 நவம்பர் விதிமுறை. எம்.பில். படிப்பை அதில் எடுத்துவிட்டார்கள், அந்தப் படிக்கட்டு இனி கிடையாது. பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் மேலும் 2. பகுதி நேரம் உண்டு. அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. கிடையாது, அப்படி யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். நுழைவுக்கு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு அல்லது பல்கலைக்கழகத்தின் தேர்வு, அது பல்கலையைப் பொறுத்தது. நெட்டில் குற்றவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

பணியில் இருப்பவருக்கு மிக முக்கியம் தடையின்மைச் சான்று. சும்மா "ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி போதாது. பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆராய்ச்சிக்குப் போதுமான நேரம் இவருடைய பணியில் கிடைக்கும், கோர்ஸ் வொர்க்குக்கு (ஆராய்ச்சிக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள்) தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்போம் என்று மூன்றையும் அதில் எழுதித் தர வேண்டும். கடைசி வரியில்தான் அதிகாரிகள் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்த வரி இல்லாமல் சேர்ந்துவிட்டு, கோர்ஸ் வொர்க் தேர்வு அன்று பந்தோபஸ்துக்குப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இடத்துக்கு நீங்கள் சென்னை ஓட வேண்டாம். நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே குற்றவியல் துறை இருக்கிறது. வடசேரியில் பஸ் ஏறினால் திருநெல்வேலி.

கோடை_பந்தோபஸ்து எழுதியது:

நான் தலைமைக் காவலர். எம்.ஏ. வரை படித்த போலீஸ்காரர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம், எந்த ஸ்டேஷனில் எட்டிப் பார்த்தாலும் இருப்பார்கள். குமரி மாவட்டத்தில் படிப்புக்கு என்ன பஞ்சம்? ஆனால் படித்ததை இந்த வேலையில் எங்கே வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பாதிப் பேர் வேறு வேலைக்குப் பரீட்சை எழுதுவதற்காகப் படிக்கிறார்கள் என்பதே உண்மை.

வாத்தியார் சார் சொன்ன சான்று விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அதை வாங்கியதும் இடமாற்றம் வந்தால்? புது அதிகாரி, "இது நான் கொடுத்ததில்லையே" என்பார். மாசி மாதம் மண்டைக்காடு கொடை, மார்கழியில் சுசீந்திரம் தேர், கோட்டார் சவேரியார் திருவிழா, நடுவில் வி.ஐ.பி. யாராவது விவேகானந்தர் பாறைக்கு வருவார். இதில் எந்தச் சனிக்கிழமை சார் திருநெல்வேலி போவது? பட்டாளத்தில் ஆளை வேலையிலிருந்து எடுத்துப் படிக்கப் போடுகிறார்கள். இங்கே வேலைக்கு மேலே படிப்பை ஏற்றுகிறார்கள். இதுதான் வித்தியாசம். எஸ்.ஐ. சாரைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு இறங்கட்டும்.

நாஞ்சில்_குசும்பன் எழுதியது:

எல்லாம் சரி மக்கா. போலீஸ்காரன் ஆராய்ச்சி செய்து எங்கேயாவது ஒரு திருட்டு குறைந்திருக்கிறதா? கிரண் பேடி டெல்லி ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கினார். நம்ம குழித்துறைக்காரர் சைலேந்திர பாபு காணாமல் போன குழந்தைகளைப் பற்றி ஆய்வு செய்து டாக்டர் ஆனார், டி.ஜி.பி.யும் ஆனார். சந்தோஷம், நமக்கும் பெருமைதான். ஆனால் அவர்கள் அந்தப் பட்டம் இல்லாமலும் அங்கே போயிருப்பார்கள். களியக்காவிளை செக்போஸ்டைத் தாண்டி ரேஷன் அரிசி போவது எந்த ஆய்வேட்டால் நின்றது, சொல்லுங்கள் பார்ப்போம்.

டச்சுக்காரர் டிலனாய் எந்த எம்.எஸ்சி. படித்துவிட்டு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார்?

தக்கலை_ஆய்வுமாணவி எழுதியது:

குசும்பன் அண்ணா, நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

ராஜஸ்தானில் 11 மாவட்டங்களில் 162 காவல் நிலையங்களை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய சோதனை செய்தார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ ஆகியோரோடு அதில் ஒரு ஆய்வாளர் நீனா சிங். அவர் பணியில் இருந்த ஐ.பி.எஸ். அதிகாரி, பின்னாளில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையின் (சி.ஐ.எஸ்.எப்.) முதல் பெண் தலைமை இயக்குநர். எந்த நிலையத்தில் எந்த மாற்றம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். சில நிலையங்களில் காவலர்களுக்குப் பயிற்சி, சிலவற்றில் இடமாற்றத்துக்குத் தடை, சிலவற்றில் வார ஓய்வும் பணிச் சுழற்சியும், சிலவற்றில் ஊர்க்காரர் ஒருவர் ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்ப்பது. மக்கள் திருப்தியை அளக்கக் கணக்கெடுப்பு. அதற்கு மேல், புகார்தாரர் போல நடிக்கிற ஆட்களை ஸ்டேஷனுக்கு அனுப்பி, எஃப்.ஐ.ஆர். போடுகிறார்களா என்றும் பார்த்தார்கள்.

பயிற்சியும் இடமாற்றத் தடையும் பலன் தந்தன. வார ஓய்வும் ஊர்ப் பார்வையாளரும் தரவில்லை. காரணம், அவை இரண்டும் தாளில் இருந்த அளவுக்கு ஸ்டேஷனில் நடக்கவில்லை. உள்ளூர் அதிகாரிகளுக்கு அதில் மனசில்லை. இதை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு காவலர்களுக்கு வார ஓய்வு கொடுத்து ஆணை போட்டது. நம் மாவட்டத்தில் எந்த ஸ்டேஷனில் எந்த மாதத்தில் அது உண்மையில் கிடைத்தது, கிடைக்காத வாரம் என்ன காரணம் எழுதப்பட்டது? ஏட்டையா, நீங்கள் மேலே புலம்பினீர்களே, அதுவே ஒரு முழு ஆய்வு. டியூட்டி ரோஸ்டர் உங்கள் கண் முன்னால் இருக்கிறது, வெளியாளான எனக்கு அதைப் பார்க்கவே அனுமதி கிடைக்காது.

இன்னொன்று பழையது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1981, 82-ல் குடும்ப வன்முறைப் புகார்களில் கைது செய்வது நல்லதா, ஆளைப் பிரித்து அனுப்புவது நல்லதா, புத்தி சொல்வது நல்லதா என்று சோதித்தார்கள். ரோந்துக்குப் போகும் காவலர் கையில் மூன்று நிறத் தாள்கள் கலந்த அட்டை. எந்த நிறம் மேலே இருக்கிறதோ அதன்படி நடக்க வேண்டும். கைது செய்யப்பட்டவர்கள் திரும்ப அடிப்பது குறைவு என்று முடிவு வந்தது, 1984-ல் வெளியானது, பல ஊர்களில் கைதுக் கொள்கையே மாறியது. அதோடு நிற்கவில்லை. வேறு நகரங்களில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, வேலையில்லாத ஆண்களிடம் சில இடங்களில் கைது நேர்மாறாக வேலை செய்தது தெரிந்தது. ஒரு ஆய்வை நம்பி எல்லா ஊருக்கும் சட்டை தைக்கக் கூடாது என்று அடுத்த ஆய்வுதான் காட்டிக்கொடுத்தது.

அரிசி லாரிக்கு வருகிறேன். எந்த நேரம், எந்த வழி, எத்தனை முறை பிடிபட்டது என்று சில வருட வழக்குகளை வரைபடத்தில் வைத்து யாராவது பார்த்திருக்கிறார்களா? நானும் கேள்வியாகத்தான் கேட்கிறேன்.

மேலாங்கோட்டுக்_கர்னல் எழுதியது:

மாணவிக்கு ஒரு சல்யூட். டிலனாய் பற்றிக் கேட்ட குசும்பனுக்கு: அவர் 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களோடு வந்து, தோற்று, மகாராஜாவிடம் சேர்ந்து, "வலிய கப்பித்தான்" ஆகி, 1777-ல் இறக்கும் வரை படையைப் பழக்கினார். உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது, கல்லில் லத்தீனும் தமிழும். பட்டம் இல்லைதான். ஆனால் தோற்ற படையின் ஆளைக் கொல்லாமல் உட்கார வைத்து, "உங்கள் ஆட்கள் எப்படிச் சுடுகிறார்கள்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ராஜா இருந்தாரே, ஆராய்ச்சி மனசு அங்கே இருந்தது.

மெட்ராஸ் ரெஜிமென்ட் அதிகாரிகளுக்குக் குளச்சல் மேல் தனிப் பாசம் உண்டு. அதைப் பற்றி எழுதவும் ஆசைப்படுவார்கள். நான் சொல்வேன், எழுதுங்கள், ஆனால் டச்சு ஆவணங்களையும் பார்க்காமல் எழுதினால் அது குளச்சல் வெற்றித் தூணுக்கு மாலை போடுவது மாதிரிதான்.

நடத்துநர்:

குளச்சல் போரின் தேதி, பீரங்கி எண்ணிக்கை பற்றி வந்த ஏழெட்டுப் பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறோம். சண்டையை அங்கே தொடரவும்.

முட்டத்துக்காரன் எழுதியது:

முழுசும் படித்தேன். எல்லாரும் எஸ்.ஐ. சாருக்கு வழி சொல்கிறீர்கள். ஆராயப்படப் போகிறவன் நான், என்னிடம் யாரும் கேட்கவில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆட்கள் கடலில் இருந்தார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல நாள் தொழிலுக்குப் போனவை, கரையில் அடித்த எச்சரிக்கை அங்கே போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு எத்தனை பேர் காணவில்லை என்பதில் எங்கள் தேவாலயப் பங்குகள் ஒரு கணக்கு சொன்னது, அரசு வேறு கணக்கு சொன்னது. ஒவ்வொரு நாளும் மாறியது. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தோமே, அந்தக் கோபத்தில் பாதி இந்தக் கணக்கு மேல்தான். கடலில் காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டப்படி எடுத்துக்கொள்ள 7 ஆண்டு. அத்தனை வருஷம் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? ஒக்கிக்கு மட்டும் காத்திருக்காமல் நிவாரணம் கொடுக்க அரசு தனியாக முடிவெடுத்தது. ஒற்றைப் படகு கவிழ்ந்து ஒரே ஒருவர் காணாமல் போனால்?

எஸ்.ஐ. சார், நீங்கள் காக்கிச் சட்டையில் கேள்வித்தாளோடு வந்து, "போலீஸ் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறது?" என்று கேட்டால் எங்கள் ஆள் என்ன சொல்வான்? "நல்லா நடந்துக்கிறாங்க சார், டீ சாப்பிடுறீங்களா?" என்பான். அதை எழுதி டாக்டர் ஆகிவிடுவீர்கள். உங்கள் ரிஜிஸ்டர் தப்பா, எங்கள் பங்குப் பதிவு தப்பா என்று பார்க்கிற ஆராய்ச்சி என்றால் சொல்லுங்கள், நானே நாலு வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன்.

கடற்கரை_எஸ்ஐ எழுதியது:

முட்டம் அண்ணனுக்கு நன்றி. கொஞ்ச நேரம் பதில் எழுதத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கரையில் ஆள் காணவில்லை என்றால் மேன் மிஸ்ஸிங் கேஸ் போட ஒரு வழி இருக்கிறது. கடலில் என்றால் புகார் முதலில் எங்கே வருகிறது என்பதே ஒவ்வொரு முறையும் வேறு. சிலர் மீன்வளத்துறைக்குப் போவார்கள், சிலர் ஊர் ஸ்டேஷனுக்கு, சிலர் எங்களிடம். படகு கொச்சியிலிருந்து கிளம்பியிருந்தால் கேரளத்தில் ஒரு புகார் இருக்கும். தேடல் மீட்பு கடலோரக் காவல்படையின் மும்பை, சென்னை மையங்கள் வழியாக நடக்கும். ஒரே ஆளுக்கு நாலு இடத்தில் நாலு பெயர் எழுத்துக்கூட்டலோடு பதிவு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, ஊரில் கூப்பிடுவது ஒன்று.

அப்படியென்றால் தலைப்பை இப்படி மாற்றலாமா: கடலில் காணாமல் போனதாக வரும் தகவல், முதல் அழைப்பிலிருந்து இறுதிப் பதிவு வரை எந்தெந்த மேசையைத் தாண்டுகிறது, எங்கே தாமதமாகிறது, எங்கே எண் மாறுகிறது? விடை எனக்கு உண்மையாகவே தெரியாது, கர்னல் சார்.

குலசேகரத்துக்காரி எழுதியது:

நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். நான் பெண் காவலர், குழந்தை சின்னது. பகுதி நேரத்தில் சேர்ந்தால் அந்த ஆறு வருடக் கெடு எனக்கும் அதேதானா?

பார்வதிபுரம்_வாத்தியார் எழுதியது:

இல்லை அம்மா. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு, மறுபதிவோடு சேர்த்து 10 ஆண்டு வரை போகலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரையும் விதியிலேயே இருக்கிறது. தைரியமாகச் சேருங்கள்.

எஸ்.ஐ. தம்பிக்கு: இப்போது உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. முதலில் கொண்டு வந்தது வெறும் தலைப்பு. ஆண்டு வரம்பு வையுங்கள், ஒக்கிக்குப் பிந்தைய சில ஆண்டுகள் போதும். ஒக்கியையே எடுத்தால் அதில் மூழ்கிவிடுவீர்கள். சாதாரண நாளில் நடக்கும் ஒற்றைப் படகு விபத்துகள்தான் யாரும் பார்க்காத இடம்.

கோடை_பந்தோபஸ்து எழுதியது:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆய்வில் "எங்கள் துறையில் தாமதம்" என்று வந்தால் அதை வெளியிட விடுவார்களா? மெமோ வராதா?

பார்வதிபுரம்_வாத்தியார் எழுதியது:

சட்டம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இறுக்கமாக இல்லை. காவல் படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதி இல்லாமல் பத்திரிகைக்கு எழுதவோ வெளியிடவோ கூடாது என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. அதே பிரிவு, முழுக்க இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த வெளியீட்டுக்கு விலக்கும் கொடுக்கிறது. இந்த விலக்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. அதற்காக அதை மட்டும் நம்பி இறங்கச் சொல்லவில்லை. நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன. எந்தப் பதிவேடுகளைப் பார்ப்பேன், பெயர்களை எப்படி மறைப்பேன், முடிவை எங்கே வெளியிடுவேன் என்று எழுதி முறைப்படி மேலதிகாரி வழியாக அனுமதி வாங்கி வையுங்கள். குழந்தைகள், பாலியல் குற்ற வழக்குகள் உங்கள் ஆய்வில் வராது, வந்தால் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

மேலாங்கோட்டுக்_கர்னல் எழுதியது:

ராணுவத்தில் இதைவிட இறுக்கம். 1954 ராணுவ விதிகளின் 21-ஆம் விதி, பணி சம்பந்தப்பட்ட எதையும் அனுமதியில்லாமல் வெளியிடத் தடை போடுகிறது. அதனால் என்ன ஆகிறது? நல்ல ஆய்வேடுகள் முத்திரை குத்தப்பட்டு அலமாரிக்குள் போய்விடுகின்றன. பத்து வருடம் கழித்து வேறொரு மேஜர் அதே விஷயத்தை முதலிலிருந்து தொடங்குவார். 1870-ல் சிம்லாவில் தொடங்கி இப்போது டெல்லியில் இருக்கிற ஐக்கியப் படைப்பணி நிறுவனம் மாதிரி சில இடங்களில் அதிகாரிகள் வெளிப்படையாக எழுத முடிகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மான்டரே நகரில் கடற்படை முதுநிலைப் பள்ளி என்று ஒன்று, 1909-ல் அன்னாபொலிஸில் தொடங்கி பிறகு இங்கே வந்தது. 2001 தாக்குதலுக்குப் பிறகு அங்கே உள்நாட்டுப் பாதுகாப்பு முதுநிலைப் படிப்பு ஒன்று கொண்டு வந்தார்கள். போலீஸ் அதிகாரி, தீயணைப்பு அதிகாரி, ராணுவ அதிகாரி ஒரே வகுப்பில். வேலையை விடாமல் படிக்கலாம். ஆய்வேடுகளில் பெரும்பாலானவை யாரும் இறக்கிப் படிக்கும்படி பொதுவில் கிடக்கின்றன. நம் பிஎச்.டி. ஆய்வேடுகள் சோத்கங்கா இணையத் தளத்தில் ஏறுவது போல. எஸ்.ஐ. தம்பி, அந்த வகையில் பல்கலைக்கழகத்தில் நீங்கள் செய்யப்போவது வெலிங்டனைவிட மேல். உங்கள் ஆய்வைத் தூத்தூரில் ஒரு பிள்ளை செல்போனில் திறந்து படிக்கும், தப்பு இருந்தால் சொல்லும். என்னுடையதை யாரும் படித்ததில்லை.

முட்டத்துக்காரன் எழுதியது:

அது சரி. ஆனால் பேட்டி எப்படி எடுப்பீர்கள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தக்கலை_ஆய்வுமாணவி எழுதியது:

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். எஸ்.ஐ. சார் தன் நிலைய எல்லைக்குள் பேட்டி எடுக்கக் கூடாது. நாளைக்கு ஒரு வழக்கில் அதே ஆளை விசாரிக்க வேண்டிவரும். அவர் "மாட்டேன்" என்று சொல்ல முடியாத நிலையில் வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களை எடுக்கட்டும், அங்கேயும் போலீஸ் அல்லாத ஒருவர் பேட்டி எடுக்கட்டும். முடிந்தால் காணாமல் போனவர் வீட்டுப் பெண்களிடம் பெண் பேச வேண்டும். பெயர், படகின் பதிவெண், தேதி மூன்றும் சேர்ந்தால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும், எனவே பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பேட்டிக் குறிப்புகள் ஸ்டேஷன் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது. பல்கலையின் ஆய்வு நெறிக் குழுவிடம் இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள்.

கடைசியாக, முட்டம் அண்ணன் கோபப்படாமல் இருந்தால்: பங்குத்தந்தையும் கமிட்டிக்காரர்களும் பக்கத்தில் நிற்கும் பேட்டியும் வேண்டாம். அங்கேயும் வாய் திறக்காது.

முட்டத்துக்காரன் எழுதியது:

கோபம் இல்லை. உண்மையைத்தான் சொன்னீர்கள்.

நடத்துநர்:

"தீசிஸ் முழுவதும் எழுதித் தரப்படும், வைவா வரை பொறுப்பு, தவணை வசதி உண்டு" என்று வந்த பதிவை நீக்கி, அந்தக் கணக்கையும் முடக்கியிருக்கிறோம்.

மேலாங்கோட்டுக்_கர்னல் எழுதியது:

நீக்கியதற்கு நன்றி. சீருடை போட்டவர்கள் இந்த ஆட்களிடம் அதிகம் சிக்குவது எனக்குத் தெரியும், நேரமில்லை, கையில் காசு இருக்கிறது, பெயருக்கு முன்னால் "டாக்டர்" வேண்டும். காப்பியடித்தல் பற்றிய 2018 விதியில் 10 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனாலே திருப்பி அனுப்புவார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் கூலிக்கு எழுதினவன் புதிதாக எழுதிக் கொடுத்தால் எந்த மென்பொருளும் பிடிக்காது. பொய்ச் சாட்சியை விசாரிக்கிற வேலையில் இருப்பவர் தானே ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கடற்கரை_எஸ்ஐ எழுதியது:

நான் யாரிடமும் காசு கொடுக்கப் போவதில்லை சார், கையில் அவ்வளவு காசும் இல்லை.

இதுவரை எடுத்த முடிவு: அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறேன். தடையின்மைச் சான்றை வாத்தியார் சார் சொன்ன மூன்று வரிகளோடு நானே மாதிரி தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைக்கப் போகிறேன். பதிவேடுகள் முதல் பாதி, பேட்டிகள் இரண்டாம் பாதி. பேட்டி எடுக்க ஒரு சமூகப்பணி மாணவியைத் தேட வேண்டும். வருடத்தில் எந்த மாதம் வைப்பது என்பதுதான் புரியவில்லை. தொழிலுக்குப் போகும் நாளில் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

முட்டத்துக்காரன் எழுதியது:

தடைக்காலத்தில் வையுங்கள். நம் மாவட்டத்துக்குத்தான் இரண்டு தடைக்காலம் ஆச்சே. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் ரெண்டு பக்கத்து விசைப்படகும் கரையில் கிடக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வள்ளக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்களைச் சாயங்காலம் பாருங்கள். ஞாயிறு காலை மட்டும் வேண்டாம்.

கோடை_பந்தோபஸ்து எழுதியது:

ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறக்கும், டிராபிக் டியூட்டி விழும். இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார்.